பல்லின் கீறல் எவ்வளவு சொல்லும்?

1959-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள், அன்று தங்கனீக்கா என்று பெயர் கொண்டிருந்த நாட்டின் ஓல்டுவாய்ப் பள்ளத்தாக்கில், மேரி லீக்கி அம்மையார் ஒரு மண்டையோட்டைக் கண்டெடுத்தார். துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அறிஞர்கள் முதலில் வியந்தது அதன் பற்களைப் பார்த்துத்தான். நம் கடைவாய்ப் பல்லைப்போல் இருமடங்குக்கும் மேல் பரப்புள்ள பற்கள், தடித்த எனாமல், தாடைத் தசைகள் பற்றிக்கொள்ள உச்சந்தலையில் எலும்பு முகடு. இப்படிப்பட்ட வாயை வைத்துக்கொண்டு வேறென்ன செய்திருக்க முடியும்? கடினமான கொட்டைகளை உடைத்துத் தின்றிருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். 'கொட்டை உடைப்பான்' என்ற பொருளில் ஒரு செல்லப்பெயரும் ஒட்டிக்கொண்டது. இன்று அந்த இனத்தைப் பாராந்த்ரோபஸ் பாய்சி என்கிறோம். அது நம் நேர் மூதாதை அன்று. நம் குலத்தின் ஒரு பக்கக் கிளை. சுமார் 23 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னிருந்து 12 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்வரை கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்து அற்றுப்போனது.

ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் பாடநூல்களில் நிலைத்திருந்த இந்தக் கதையை 2008-இல் ஒரு நுண்ணோக்கியும் ஒரு கணிப்பொறி மென்பொருளும் சேர்ந்து அசைத்துவிட்டன. பல்லின் மேற்பரப்பில் உள்ள கீறல்களையும் குழிகளையும் அளந்து பார்த்ததில், கொட்டை உடைத்ததற்கான அடையாளமே இல்லை என்றார்கள். அன்று முதல் 'நுண்ணோக்கி சொல்லிவிட்டது' என்ற தொனியில் எழுதப்படும் கட்டுரைகளை நீங்களும் படித்திருக்கலாம். இந்த முறையைப் பாராட்டவும் வேண்டும். அதன் பெயரால் சொல்லப்படுவன சிலவற்றைக் கண்டிக்கவும் வேண்டும். இரண்டையும் இங்கே செய்ய முயல்கிறேன். அதற்கு முதலில் முறை என்னவென்று தெரிந்துகொள்வோம்.

எண்ணிக்கொண்டிருந்த காலம்

பல்லின் வடிவம் ஒரு விலங்கு எதைத் தின்ன வல்லது என்று காட்டும். எதைத் தின்றது என்று காட்டாது. நம் வீட்டு அரிவாள்மணையைப் பார்த்துவிட்டு அன்று என்ன காய் நறுக்கினார்கள் என்று சொல்ல முடியுமா? ஆனால் மணையின் விளிம்பை உருப்பெருக்கியில் பார்த்தால் ஏதாவது தடம் கிடைக்கலாம் அன்றோ! இந்த எண்ணத்துக்கு நல்ல அடித்தளம் இட்டவர்கள் ஆலன் வாக்கரும் அவருடைய தோழர்கள் ஹோக், பெரெஸ் ஆகியோரும். 1978-இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது அவர்கள் ஆய்வு.

தான்சானியாவின் செரெங்கெட்டிச் சமவெளியில் ஆங்காங்கே பாறைக் குன்றுகள் உண்டு. அவற்றில் ஹைராக்ஸ் என்னும் முயல் பருமனுள்ள விலங்கில் இரு இனங்கள் ஒரே பொந்துகளில், ஒரே புழுதியில் கூடி வாழ்கின்றன. ஓர் இனம் ஆண்டு முழுவதும் இலை தழைகளைத் தின்னும். மற்றது மழைக்காலத்தில் புல் மேயும். வறட்சியில் தழைக்கு மாறிவிடும். அவற்றின் பற்களை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, தழை தின்னும் இனத்தின் பல் மழமழவென்று இருந்தது. புல் மேய்ந்ததன் பல்லில் நெருக்கமான இணைகோடுகளாகக் கீறல்கள் இருந்தன. அதைவிடச் சுவையான செய்தி, புல் மேயும் இனமே தழைக்கு மாறிய பருவத்தில் இறந்திருந்தால் அதன் கீறல்கள் மறைந்திருந்தன. உறவுமுறை, வாழிடம் எல்லாம் ஏறக்குறைய ஒன்றாக இருக்க, உணவு மட்டும் மாறுகிறது. அதனோடு தடமும் மாறுகிறது. இயற்கையே அமைத்துக் கொடுத்த சோதனை அது. இந்தத் துறையில் இதைவிட அழகான ஆய்வை நான் கண்டதில்லை.

இதன்பின் பலரும் பற்களைப் படம் பிடித்துக் கீறல்களையும் குழிகளையும் எண்ணத் தொடங்கினர். கிரைன் என்பவர் 1986-இல் தென்னாப்பிரிக்கக் குகைகளில் கிடைத்த இரண்டு மனிதக்கிளை இனங்களை ஒப்பிட்டார். பாராந்த்ரோபஸ் ரொபஸ்டஸ் பற்களில் குழிகள் மிகுதி. ஆஸ்ட்ரலோபித்தீகஸ் ஆப்பிரிக்கானஸ் பற்களில் கீறல்கள் மிகுதி. முன்னது கடினமானவற்றை நசுக்கியது, பின்னது மெல்லியவற்றைத் தின்றது என்று பொருள் கொண்டனர்.

இங்கே ஒரு சங்கடம். எண்ணுகிறவர் மனிதர். எந்த நீளத்துக்கு மேல் இருந்தால் குழி கீறலாகும்? ஒன்றன்மேல் ஒன்று ஓடும் இரு கீறல்களை ஒன்றென்பதா, இரண்டென்பதா? மேலும் எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் ஒளியும் நிழலுமாகத் தோன்றுமே தவிர, ஆழத்தை அதில் நேரடியாக அளக்க முடியாது. பல்லைச் சிறிது சாய்த்து வைத்தால் ஒரு திசைக் கீறல்கள் துலங்கும். மறுதிசையில் உள்ளவை மங்கும். ஒரே படத்தை வேறு வேறு நபர்களும் வேறு வேறு முறைகளும் எண்ணும்போது விடை மாறுவதை இத்துறையினரே 2002-இல் சோதித்து வெளியிட்டனர். தங்கள் தொழிலின் குறையைத் தாங்களே அளந்து சொன்ன நேர்மையைப் பாராட்ட வேண்டும்.

ஊசித்துளையும் ஓடு பதித்தலும்

எண்ணுவதை மனிதனிடமிருந்து எடுத்துவிட வேண்டும், ஆழத்தையும் அளக்க வேண்டும் என்ற இரு தேவைகளிலிருந்துதான் புதிய முறை பிறந்தது. அமெரிக்காவின் அர்க்கன்சா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் அங்கரும், வூஸ்டர் பல்தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியல் மேற்பரப்புகளை ஆய்ந்துவந்த கிறிஸ்டோபர் பிரவுனும் கைகோத்தனர். இயந்திரத் தொழிலில் உருளைகளின் சொரசொரப்பை அளக்க வளர்ந்த கலை, பழம்பற்களுக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

கருவி, குவியொன்றிய நுண்ணோக்கி. இதன் கருத்து மார்வின் மின்ஸ்கி 1957-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. சாதாரண ஒளி நுண்ணோக்கியில், குவியத்தில் உள்ள இடம் தெளிவாகவும் மற்றவை மங்கலாகவும் தெரியும். ஆனால் மங்கலும் கண்ணுக்கு வந்து சேர்ந்துவிடும். மின்ஸ்கி செய்தது, ஒளி திரும்பி வரும் வழியில் ஓர் ஊசித்துளையை வைத்ததுதான். குவியத்தில் உள்ள புள்ளியின் ஒளி துளை வழியே புகுந்துவிடும்; மேலே அல்லது கீழே உள்ள புள்ளியின் ஒளி துளையைச் சுற்றிச் சிதறித் தடுக்கப்படும். இனி, வில்லையைச் சிறிது சிறிதாக மேலிருந்து கீழே நகர்த்துங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் எந்த உயரத்தில் ஒளி உச்சமாக வருகிறதோ அதுவே அந்தப் புள்ளியின் உயரம். இவ்வாறு இலட்சக்கணக்கான புள்ளிகளுக்கு உயரம் கிடைத்தால், பல்லின் மேற்பரப்பு ஒரு நிலப்படம்போல் கணிப்பொறியில் வந்துவிடும். படம் பிடிப்பதற்குப் பதில் நில அளவை செய்கிறோம் எனலாம்.

அருங்காட்சியகப் பற்களை நுண்ணோக்கி இருக்கும் இடத்துக்கெல்லாம் கொண்டுபோக முடியாது. பல் மருத்துவர்கள் அச்செடுக்கும் சிலிக்கோன் பசையால் பல்லை அச்செடுத்து, அதில் எப்பாக்சி வார்த்து, வார்ப்பையே அளக்கிறார்கள். நூறு மடங்கு வில்லையில் நான்கு காட்சிகளை ஒட்டினால் 276 மைக்ரான் நீளமும் 204 மைக்ரான் அகலமும் உள்ள ஒரு நிலம் கிடைக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே அந்த நிலம் முழுவதும் ஒரு முற்றுப்புள்ளிக்குள் அடங்கிவிடும். அடுத்தடுத்த அளவைப் புள்ளிகளுக்கு இடையே 0.18 மைக்ரான் தூரம்.

உயரங்கள் கிடைத்தாயிற்று. இனி மென்பொருளின் வேலை. இதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். ஏனெனில் என் முக்கியக் குறை இங்கேதான் பிறக்கிறது.

கரடுமுரடான தரையில் ஓடு பதிப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். பெரிய பெரிய முக்கோண ஓடுகளைப் பதித்தால் சின்னக் குழிகள்மேல் ஓடு பாலம்போல் நின்றுவிடும். மொத்த ஓட்டுப் பரப்பு தரையின் நீள அகலப் பெருக்கத்துக்கு ஏறக்குறைய சமமாகவே இருக்கும். ஓட்டைச் சிறிதாக்கச் சிறிதாக்க, அவை குழிக்குள் இறங்கும், மேட்டில் ஏறும். மொத்தப் பரப்பு கூடும். கடற்கரையின் நீளம் அளவுகோலைப் பொறுத்தது என்று மாண்டல்பிராட் 1967-இல் எழுதியதன் உடன்பிறப்பே இது. ஓடு சிறுத்துவரும்போது பரப்பு எவ்வளவு விரைவாகக் கூடுகிறது என்ற வேகத்தை 'சிக்கல்' என்று அழைக்கிறார்கள். குழிமேல் குழியும் பல அளவில் மேடும் உள்ள பல்லுக்குச் சிக்கல் அதிகம். இன்னொரு எண் 'திசைமை'. மேற்பரப்பை ஐந்து ஐந்து பாகையாகத் திருப்பிப் பல திசைகளில் வெட்டிப் பார்த்து, எல்லாத் திசையிலும் ஒரேபோல் உள்ளதா, ஒரு திசையில் மட்டும் வரிசை உள்ளதா என்று கணக்கிடுவது. இணைகீறல்கள் நிறைந்த பல்லுக்குத் திசைமை அதிகம். புதிதாகக் கொத்திய அம்மியில் சிக்கல் மிகுதி, திசைமை குறைவு. உழுத வயலில் திசைமை மிகுதி என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

2005-இல் ஸ்காட், அங்கர் முதலியோர் 'நேச்சர்' இதழில் முதல் பெரிய முடிவை வெளியிட்டனர். கடினமானவற்றை உடைக்கும் கபுச்சின் குரங்கையும் இலை தின்னும் ஹௌலர் குரங்கையும் அளவுகோலாக வைத்துக்கொண்டு தென்னாப்பிரிக்கப் பற்களைப் பார்த்தனர். ரொபஸ்டஸுக்குச் சராசரிச் சிக்கல் அதிகம். ஆப்பிரிக்கானஸுக்குத் திசைமை அதிகம். ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று நிறையவே மேற்படிந்தன. எனவே, பெரும்பாலான நாட்களில் இரு இனங்களும் ஒத்த உணவையே தின்றிருக்கலாம், பஞ்ச காலத்தில் கைகொடுத்த உணவில்தான் வேறுபாடு என்று அடக்கத்துடன் எழுதினர். அதன்பின் 2008-இல் பாய்சியின் முறை வந்தது. கிடைத்த பற்களில் தடம் சிதையாமல் தெளிவாக இருந்தவை ஏழு நபர்களுடையவை மட்டுமே. ஏழிலும் சிக்கல் குறைவு. கொட்டை உடைப்பான் கொட்டை உடைத்ததற்குச் சான்றில்லை.

எதிர்பாராத சாட்சி

மூன்று ஆண்டுகள் கழித்து வேறொரு திசையிலிருந்து சாட்சி வந்தது. சோளம், கோரை, வெப்பநாட்டுப் புற்கள் முதலியவை ஒளிச்சேர்க்கை செய்யும் வழி வேறு; மரங்கள், செடிகளின் வழி வேறு. முதல் வகையைச் சி-4 தாவரங்கள் என்பர். அவற்றில் கனமான கார்பன்-13 சற்றுக் கூடுதலாகத் தங்கும். தின்றவரின் எனாமலிலும் அந்த விகிதம் பதிந்துவிடும். சர்லிங் முதலியோர் 2011-இல் பாய்சியின் எனாமலை ஆய்ந்து, அதன் உணவில் சுமார் 77 விழுக்காடு சி-4 வழி வந்தது என்றனர். மரத்துக் கொட்டையும் பழமும் தின்றிருந்தால் இப்படி வராது. புல்லோ கோரையோ அதன் முக்கிய உணவாக இருந்திருக்க வேண்டும்.

'பார்த்தீர்களா, நுண்ணோக்கி சொன்னது மெய்யாயிற்று!' என்று பலர் எழுதினர். வாசகர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். நுண்ணோக்கி சொன்னது என்ன? கடினமானது இல்லை என்றது. புல் என்று சொல்லிற்றா? இல்லை. புல் மேயும் விலங்குகளின் பல்லில் திசைமை உயர்ந்திருக்கும் என்பதுதான் ஹைராக்ஸ் காலத்திலிருந்து நாம் கற்ற பாடம். பாய்சியின் பற்களில் அப்படி உயர்ந்த திசைமை இல்லை. அதாவது, வெறும் பல்தடத்தை வைத்துக்கொண்டு எவரும் புல்லையோ கோரையையோ முன்கூட்டிச் சொல்லவில்லை, சொல்லியிருக்கவும் முடியாது. கார்பன் சாட்சி வந்த பிறகு, தட்டையான பல்லில் புல் வேறுவிதமாக அரைபடும், எனவே கீறல் வேறு என்றும், கோரை இனங்களின் கிழங்கைத் தின்றிருக்கலாம் என்றும் விளக்கங்கள் வந்தன. அவை சரியாகவே இருக்கலாம். ஆனால் விடை தெரிந்தபின் எழுதிய வழிமுறைக்குத் தேர்வில் எத்தனை மதிப்பெண் கொடுப்பது என்பது மாணவர்களுக்குத் தெரியும்.

கீறியது யார்?

அடிப்படையான சர்ச்சை ஒன்று இதன் அடியில் கிடக்கிறது. எனாமலைக் கீறுவது எது? தாவரத் திசுக்களில் உள்ள நுண்ணிய மணற்பொருளான சிலிக்காத் துகள்கள் என்று வாக்கர் காலத்தில் கருதினர். 2013-இல் பீட்டர் லூகாஸ் குழுவினர் துகள்களை ஒவ்வொன்றாக எனாமல்மீது தேய்த்துப் பார்த்து, தாவரச் சிலிக்கா எனாமலை அழுத்தி நெளிக்கிறதே தவிரப் பெயர்த்தெடுப்பதில்லை, குவார்ட்ஸ் மணல்தான் பெயர்க்கிறது என்றனர். மோஸ் கடினத்தன்மை அளவையில் குவார்ட்ஸ் 7, எனாமல் சுமார் 5 என்பதை நினைத்தால் இது வியப்பன்று. சோற்றில் ஒரு கல் கடிபட்டால் பல் கூசுவது எல்லோரும் அறிந்ததே. இது மெய்யானால், பல்லின் தடம் சாப்பாட்டைச் சொல்லாமல் புழுதியைச் சொல்கிறது என்றாகும். 'இந்த விலங்கு என்ன தின்றது' என்ற கேள்விக்கு, 'அவ்வாண்டு காற்று பலமாக அடித்தது' என்று விடை!

இதற்கு மறுப்பும் வந்தது. 2015-இல் ஒரு குழு, எனாமலைவிட மென்மையான துகளும் எனாமலின் நுண்படிகங்களை ஒன்றாகப் பிணைத்திருக்கும் புரதத்தை நெகிழவைத்துப் பெயர்க்க முடியும் என்று காட்டியது. 2016-இல் மெர்சரான் குழுவினர் ஆடுகளுக்கு வெவ்வேறு தீவனங்களைப் புழுதி சேர்த்தும் சேர்க்காமலும் கொடுத்து, புழுதி கலந்தாலும் தீவன வேறுபாடு தடத்தில் அழிந்துபோகவில்லை என்றனர். சோதனைச்சாலைத் துகளைவிட மெல்லும் ஆட்டை நம்புகிறவன் நான். ஆகவே இந்த ஆய்வு எனக்குச் சற்று ஆறுதல் தந்தது.

ஆனால் 2020-இல் வான் காஸ்டரனும் தோழர்களும் வெளியிட்ட ஆய்வு மிகக் கூர்மையானது. கடினமான விதையோடுகளின் சின்னஞ்சிறு துண்டுகளை முனையில் பொருத்தி எனாமல்மீது இழுத்தனர். எனாமலில் சொல்லத்தக்க சேதம் இல்லை, விதையோடுதான் சிதைந்தது. இதிலிருந்து பிறக்கும் தருக்கத்தைக் கவனியுங்கள். கொட்டை ஓடு தடமே விடாது என்றால், தடம் இல்லாத பாய்சி கொட்டை தின்னவில்லை என்று எப்படிச் சொல்வது? கண்ணாடிமேல் பஞ்சை வைத்துத் தேய்த்துவிட்டு, கீறல் இல்லை, ஆகவே பஞ்சு தொடவில்லை என்பது போலாகிவிடும்.

முறையை ஆதரிப்போருக்கு ஒரு வலுவான விடை உண்டு. அதை மறைப்பது நியாயமாகாது. மேற்கு ஆப்பிரிக்காவில் சூட்டி மங்காபே என்னும் குரங்கு, சாக்கோகுளோட்டிஸ் மரத்தின் மிகக் கடினமான கொட்டைகளைப் பல்லால் உடைத்துத் தின்பதையே வழக்கமாகக் கொண்டது. 2011-இல் அதன் பற்களை அளந்தபோது சிக்கல் உயர்ந்தே இருந்தது. ரொபஸ்டஸின் பற்களை ஒத்திருந்தது. ஆக, எந்தத் துகள் கீறுகிறது என்பது தெரியாவிட்டாலும், கடினமானதை உடைக்கிறவர் பல்லில் குழி விழுகிறது என்பது உயிருள்ள விலங்குகளில் கண்ட உண்மை. மறுக்க முடியாதது.

எனினும் என் குறை இதுதான். காரணம் தெரியாத தொடர்பை நாம் கண்ட விலங்குகளுக்குள் பயன்படுத்தலாம். காட்டின் தரையில் கொட்டையோடு ஒட்டிவரும் மண்தான் மங்காபேயின் பல்லைக் குழித்தது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால், மண் ஒட்டாத கொட்டையை மரத்திலிருந்தே பறித்துத் தின்ற ஓர் இனத்தைப் பற்றி நம் அளவுகோல் என்ன சொல்லும்? இன்று உயிருடன் இல்லாத விலங்கு, இன்று இல்லாத ஒரு நிலச்சூழல். தொடர்பு மட்டும் தெரிந்து காரணம் தெரியாத அறிவு காலை வாரிவிடுவது சரியாக இப்படிப்பட்ட இடத்தில்தான். பொதுமக்களுக்கு எழுதுவோர் இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

கடைசிச் சாப்பாடு

இன்னொரு வரம்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பல்லின் தடம் நிலையானதன்று. புதிய கீறல் பழையதை அழிக்கிறது. மெல்லும் உணவைப் பொறுத்துச் சில நாட்களிலோ வாரங்களிலோ பரப்பு புதுப்பிக்கப்பட்டுவிடும். ஆகவே நாம் காண்பது இறப்பதற்கு முந்திய சில நாள் உணவு. இதைக் 'கடைசிச் சாப்பாடு' விளைவு என்று கிரைன் அன்றே எச்சரித்தார். நூறு பல் இருந்தால் பல பருவங்களும் பல ஊர்களும் கலந்து சராசரி வந்துவிடும். ஏழு பல் என்றால்? பாய்சி பத்து இலட்சம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த இனம். ஆண்டில் இரண்டு வாரம் மட்டும் கொட்டையை நம்பி உயிர் பிழைத்திருந்தால், அந்த இரு வாரத்தில் இறந்தவர் நம் ஏழு பேரில் இல்லாதிருக்க நல்ல வாய்ப்புண்டு. பல்லின் வடிவமோ அந்த இரண்டு வாரத்துக்காகவே அமைந்திருக்கலாம். இதை ஆய்வாளர்களும் ஒப்புக்கொண்டே எழுதியிருக்கிறார்கள். செய்தியாக மாறும்போது உதிர்ந்துவிடுகிறது.

மென்பொருள் தரும் எண்

இப்போது கருவிக்கு வருவோம். மனிதன் எண்ணினால் தவறு வரும், கணிப்பொறி எண்ணினால் வராது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. கணிப்பொறி எப்போதும் ஒரே விடையைத் தரும் என்பது மெய். ஒரே விடை என்பதும் சரியான விடை என்பதும் வேறு.

ஒளிக்கு ஓர் எல்லை உண்டு. 1873-இல் எர்ன்ஸ்ட் அபே காட்டியபடி, அலைநீளத்தில் சுமார் பாதிக்கும் குறைந்த இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளை வழக்கமான ஒளி நுண்ணோக்கி எதுவும் பிரித்துக் காட்டாது. பச்சை ஒளியில் நல்ல நூறு மடங்கு வில்லைக்கு இது ஏறத்தாழ 0.3 மைக்ரான். அளவைப் புள்ளிகளோ 0.18 மைக்ரானுக்கு ஒன்று. ஆகவே அடுத்தடுத்த இரு புள்ளிகளின் உயரம் இரண்டு தனிச் செய்திகள் அல்ல. மேலும், செங்குத்தான சரிவில் பட்ட ஒளி வில்லைக்குத் திரும்பி வராமல் வேறெங்கோ போய்விடும். குழியின் சுவரில் புள்ளிகள் விடுபடும். மென்பொருள் அக்கம்பக்கத்தைப் பார்த்து அந்த ஓட்டையை நிரப்பிவிடும். சில இடங்களில் பொய்யான கூர்முனைகளும் தோன்றும். எங்கே குழி ஆழமோ, அதாவது எங்கே செய்தி மிகுதியோ, அங்கேதான் கருவி மிகவும் தடுமாறுகிறது.

இதனால் எவ்வளவு பிழை வரும்? தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். 16 சதுர மைக்ரான் ஓடு பதித்தபோது பரப்பு விகிதம் 1.000, 0.016 சதுர மைக்ரான் ஓட்டில் 1.010 என்று கொள்வோம். ஓட்டின் அளவு ஆயிரம் மடங்கு குறைந்தது. பத்தின் அடுக்கில் மூன்று படி. 1.010-இன் மடக்கை 0.0043. மூன்றால் வகுத்தால் 0.00144. வழக்கப்படி ஆயிரத்தால் பெருக்கினால் சிக்கல் 1.44. இனி, கருவியின் நடுக்கத்தால் ஒவ்வொரு புள்ளியும் தன் உண்மை உயரத்திலிருந்து சிறிது மேலோ கீழோ போகிறது என்போம். 0.18 மைக்ரான் இடைவெளியில் உள்ள புள்ளிகளுக்குச் சராசரியாக 0.013 மைக்ரான் நடுக்கம் இருந்தால் போதும், சிறிய ஓடுகளின் பரப்பு இன்னும் ஒரு விழுக்காடு கூடி 1.020 ஆகிவிடும். பெரிய ஓட்டில் ஏதும் தெரியாது. 1.020-இன் மடக்கை 0.0086, சிக்கல் 2.87. பல் அப்படியே இருக்கிறது, எண் இருமடங்காகிவிட்டது! கபுச்சினும் ஹௌலரும் ஒரே கருவியில் அளக்கப்பட்டவரை இது பெருங்கேடு செய்யாது. எல்லாவற்றிலும் ஒரே நடுக்கம்தானே. ஓர் ஊரில் அளந்த குரங்கையும் வேறோர் ஊரில் வேறு கருவியில் அளந்த பழம்பல்லையும் ஒரே அட்டவணையில் வைக்கும்போதுதான் வினை.

இது கற்பனைப் பயம் அன்று. ஒரே பரப்புகளை வெவ்வேறு நுண்ணோக்கிகளில் அளந்து ஒப்பிட்ட ஆய்வு 2016-இல் வெளிவந்தது. அங்கரும் பிரவுனும் அதில் பங்கு கொண்டனர். எண்கள் கருவிக்குக் கருவி மாறின; பொதுவான வடிகட்டும் முறையை எல்லோரும் கையாண்டால் வேறுபாடு வெகுவாகக் குறையும் என்றும் கண்டனர். அப்படியானால் அதற்கு முன்பு கருவிகளைக் கலந்து செய்த ஒப்பீடுகளை என்ன செய்வது? மறுபடி அளக்க வேண்டியதுதான். வடிகட்டியும் மாயமருந்தன்று: மிக நுண்ணிய அலைகளை நீக்கினால் நடுக்கத்தோடு உண்மையான நுண்குழிகளும் போய்விடும்.

நடுக்கத்தைப்போலவே நம்மை ஏமாற்றுவது படம். இதழ்களில் வரும் வண்ண நிலப்படங்களில் பல்லின் குழிகள் இமயமலைப் பள்ளத்தாக்குகளைப்போல் தோன்றும். உயரத்தைப் பல மடங்கு பெருக்கி நீள அகலத்தை அப்படியே விட்டால் எதுவும் மலையாகத்தான் தெரியும். ஒரு மைக்ரான் ஆழமும் பத்து மைக்ரான் அகலமும் உள்ள குழி உண்மையில் தாம்பாளம் போன்றது. பத்து மடங்கு பெருக்கினால் கிணறாகிவிடும். படத்தின் கீழே இந்தப் பெருக்கத்தையும், எத்தனை விழுக்காடு புள்ளிகள் மென்பொருளால் நிரப்பப்பட்டன என்பதையும் அச்சிடாத கட்டுரையை நான் பாதிதான் நம்புவேன். பல கட்டுரைகள் அச்சிடுவதில்லை.

இவ்வளவு குறை சொன்னபின் முறையின் பெருமையையும் சொல்லியாக வேண்டும். கீறலை எண்ணிய காலத்தில் ஒருவர் எண்ணியதை இன்னொருவர் சரிபார்க்க வழியில்லை. இப்போது உயரங்களின் பட்டியல் இருக்கிறது. நானும் நீங்களும் அதே பட்டியலை எடுத்து வேறு விதமாகக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அதற்கான மென்பொருளுக்குப் பெரும்பணம் கொடுக்க வேண்டியதும் இல்லை. செக் நாட்டு அளவையியல் நிறுவனத்தில் வளர்ந்த குவிடியான் என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. உயரப் பட்டியலை ஏற்றினால் சாய்வை நீக்கும், சொரசொரப்பைக் கணக்கிடும், குறுக்கு வெட்டுக் காட்டும். கல்லூரி மாணவர் ஒருவர் தன் கணிப்பொறியில் ஒரே பரப்புக்கு வடிகட்டியை மாற்றி மாற்றி வைத்து எண் எப்படித் துள்ளுகிறது என்று ஒரு பிற்பகலில் பார்த்துவிடலாம். நான் மேலே சொன்ன கணக்கை ஏற்காதவர்கள் இதைச் செய்து பார்க்கட்டும்.

கொட்டை உடைப்பான் வழக்கில் இன்றைய நிலையை என் பொறுப்பில் சொல்வதானால்: சி-4 தாவரங்கள் அதன் முக்கிய உணவு என்பதைக் கார்பன் உறுதியாகச் சொல்கிறது. நாள்தோறும் மண் படிந்த கடினப் பொருளை உடைத்துக்கொண்டிருக்கவில்லை என்பதைப் பல் தடம் ஓரளவு உறுதியாகச் சொல்கிறது. எப்போதாவது சுத்தமான கொட்டையை உடைத்ததா என்பதற்கு இந்த நுண்ணோக்கியிடம் விடை இல்லை. இந்த மூன்றாவது வாக்கியத்தை 2008-க்குப் பின் வந்த எளிய கட்டுரைகளில் நான் தேடிப் பார்த்ததுண்டு, அபூர்வமாகவே கிடைத்தது.

செய்ய வேண்டிய சோதனை என்னவென்று கேட்டால், அதுவும் தெரிந்ததே. உயிருள்ள விலங்குகளுக்கு, கழுவிய கொட்டையும் மண் ஒட்டிய கொட்டையும் தனித்தனியே கொடுத்து, வாரந்தோறும் வாயிலேயே அச்செடுத்து, ஒரே நுண்ணோக்கியில் அளந்து, உயரப் பட்டியல் முழுவதையும் வடிகட்டாமல் வெளியிட வேண்டும். உயிருள்ள விலங்கின் வாயில் அச்செடுக்கும் முறை ஆடுகளிடம் 2015-இலேயே கையாளப்பட்டது. கொட்டையை உடைக்கும் பல் ஆட்டுக்கு இல்லை. குரங்குகளிடம் செய்ய வேண்டும். நேரமும் பொறுமையும் வேண்டிய வேலை. வண்ணப்படம் எதுவும் முதல் ஆண்டில் கிடைக்காது.